என் ஆஜரும் அப்பாவின் தொண்டையும்

ஓர் ஆள் ஓர் இடத்தில் இருப்பது வேறு; அவன் இருக்கிறான் என்று மற்றவர்கள் ஒப்புக்கொள்வது வேறு. இதைத் தெரிந்துகொள்ள வேதாந்தம் படிக்க வேண்டியதில்லை. ஒரு வருஷம் முழுவதும் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்து, வருஷக் கடைசியில் ‘வகுப்புக்கே வராதவன்’ என்று பெயர் வாங்கினால் போதும். நான் வாங்கினேன். பெங்களூரில் வாங்கினேன். முப்பதுகளின் நடுவில், இன்டர்மீடியட் முதல் வருஷத்தில்.

இப்போதெல்லாம் காலேஜ் பிள்ளைகளுக்குக் கூச்சம், பயம், தன்னம்பிக்கைக் குறைவு என்று ஏதாவது வந்தால் அதைப் பற்றிக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள், நிபுணர்கள் வருகிறார்கள், காப்பியும் பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள். எங்கள் காலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான்: “வாயில என்ன கொழுக்கட்டையா?” இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் நாங்கள் குடியிருந்த காக்ஸ் டவுனில் அப்போது யாரும் இல்லை. பால்காரர்கூடக் கேட்டிருக்கிறார்.

இதில் வேடிக்கை, என் அப்பாவின் தொழில். அப்பா ஞானமுத்து கண்டோன்மென்டில் ஓர் ஏலக் கம்பெனியில் ஏலம் கூவுகிறவர். பட்டாளத்து வெள்ளைக்காரத் துரைகள் சீமைக்குத் திரும்பும்போது கட்டில், பீரோ, பியானோ, சுவரில் மாட்டிய புலித்தலை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போவார்கள். அவற்றை அப்பா மேடைமேல் நின்று கூவி விற்பார். ஒலிபெருக்கி எதுவும் கிடையாது. அப்பா ‘ஒரு தரம்!’ என்றால் அடுத்த தெருவில் ஜட்கா குதிரைகள் காதை நிமிர்த்தும். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் கீர்த்தனை பாடும்போது, ஆர்கன் வாசிக்கிற அம்மாள் பல சமயம் வாசிப்பதை நிறுத்திவிட்டு அப்பா முடிக்கட்டும் என்று காத்திருப்பார்.

அந்தத் தொண்டைக்குப் பிறந்த நான் பேசினால் என் சட்டைக் காலருக்குக்கூடக் கேட்காது. அப்பா எதிரில் நின்றால் அதுவும் கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு பேர் பேச வேண்டிய பேச்சையும் அவரே பேசி முடித்துவிட்டதால் எனக்கு வேலை இல்லாமல் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனாலும் படிப்பு வந்தது. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். சேர்ந்த அன்று அப்பா ஏலத்தை நடுவில் நிறுத்திவிட்டு, “என் மகன் மாசிலாமணி காலேஜுல சேந்துட்டான்!” என்று அறிவித்ததாகவும், பின்வரிசையில் நின்ற ஒருவர் அதையும் ஏதோ சாமான் என்று நினைத்து விலை கேட்டதாகவும் அம்மா சொல்லுவாள்.

முதல் நாள். சரித்திர வகுப்பு. லெக்சரர் ராமசேஷையா. சரிகைப் பேட்டாத் தலைப்பாகை, மூடிய கழுத்துக் கோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. மேடையில் ஏறி உட்கார்ந்ததும் ஆஜர்ப் புத்தகத்தைத் திறப்பார்; திறந்த பிறகு தலையைத் தூக்கமாட்டார். மற்ற வகுப்புகளில் பியூன் வந்து காலி இடங்களைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போவார். இவர் மட்டும் நம்பரைத் தாமே கூப்பிடுவார். ஒரு நம்பரை ஒரு தடவைதான் கூப்பிடுவார். பதில் காதில் விழுந்தால் ஆஜர். விழாவிட்டால் ஆப்சென்ட். வகுப்பிலோ நூறு பேருக்குக் குறையாது.

என் நம்பர் வந்தது. எழுந்தேன். முந்தின இரவெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த ‘பிரசண்ட் சார்’ வெளியே வந்தது. அப்போது எனக்குக் குரல் உடைகிற வயசு. ‘பிர’ அடித்தொண்டையில் ஆரம்பித்தது. ‘சண்ட்’ கீச்சென்று உச்சிக்குப் போயிற்று. ‘சார்’ போன இடமே தெரியவில்லை. வகுப்பு சிரித்தது. ராமசேஷையா தலையைத் தூக்காமலே, “பெண்கள் எல்லோரும் முதல் பெஞ்சில் உட்கார வேண்டும் என்று சொல்லியிருந்தேனே” என்றார் ஆங்கிலத்தில்.

அதற்கப்புறம் எழுந்த சிரிப்பைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. பேரன் பேத்தி எடுத்த பிறகும் அது சில நாள் காதில் கேட்கிறது. மனிதனை வளர்ப்பது என்ன, குட்டையாக்குவது என்ன என்று பெரிய பெரிய புத்தகங்கள் போடுகிறார்கள். என்னைக் குட்டையாக்கியது நூறு பையன்களின் ஒரே ஒரு சிரிப்பு.

மறுநாள் போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். (சிரிக்காதீர்கள். அவர் அப்படித்தான் உத்தரவு போட்டார் என்று எனக்குப் பட்டது.) மூன்று பெண்கள் ஒரு கோடியில், நான் மறு கோடியில். என் நம்பர் வரும்போது எழுந்து நின்று, உதட்டை மட்டும் அசைத்து, காற்றில் ‘பிரசண்ட் சார்’ சொல்லிவிட்டு உட்காருவேன். பேனா நகரும். குறித்துக்கொண்டார் என்று நினைத்தேன். குறித்துக்கொண்டார்தான், என்ன குறித்தார் என்று பார்க்கத் தோன்றவில்லை.

அந்தப் பயத்தில் எனக்கு இன்னொரு பழக்கம் வந்தது. வகுப்பில் சும்மா உட்கார்ந்தால் கை நடுங்கும். அதனால் லெக்சரர் வருவதற்குள் எழுந்து போய்க் கரும்பலகையைத் துடைப்பேன். சாக்பீஸ் விழுந்தால் எடுத்து வைப்பேன். ஒரு நாள் அவர் புத்தகத்தைப் பார்த்தபடியே “நீரு” என்றார் கன்னடத்தில். ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அதிலிருந்து தினமும் வைத்தேன். நூறு பேரில் என்னைத்தான் கேட்கிறார், அவருக்கு என்மேல் தனி அபிமானம் என்று எண்ணிக்கொண்டு, அந்த அபிமானத்திலேயே வருஷத்தை ஓட்டினேன்.

பரீட்சைக்கு முன்னால் அறிவிப்புப் பலகையில் ஆஜர் குறைந்தவர்களின் நம்பர்கள் வந்தன. சீனுதான் பார்த்துவிட்டு ஓடிவந்தான். சீனு என் ஒரே நண்பன். பசவனகுடி அய்யங்கார் வீட்டுப் பையன். வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி, நடுவில் எது எங்கே முடிகிறது என்று அவனுக்கே தெரியாமல் வளர்ந்தவன்.

“டேய் மாசி, உன் நம்பர் இருக்குடா! சரித்திரத்துல நீ ஒரு நாள்கூட வரலையாம்!”

முதல் நாளின் கீச்சுக் குரலைக்கூட யாரோ பெண்ணுடையது என்று கழித்துவிட்டிருக்கிறார். சொல்ல வாய் திறந்தேன்; வழக்கம்போல் காற்றுதான் வந்தது.

நம்பர் வந்தவர்கள் அந்த வெள்ளிக்கிழமை பிரின்ஸ்பால் முன்னால் தகப்பனாரோடு வந்து நிற்க வேண்டும். சமாதானம் சரியாக இருந்தால் யுனிவர்சிட்டி பரீட்சைக்குப் பெயர் போகும். இல்லையென்றால் வருஷம் போயிற்று.

சீனு சாட்சி சொல்லலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான். கிரிக்கெட் ஆடப் போகும் மூன்று பேருக்கு அவன் வருஷம் முழுவதும் வெவ்வேறு குரலில் ஆஜர் சொல்லி வந்தவன். பிரின்ஸ்பால் அறைப் பக்கமே அவன் தலைவைத்துப் படுப்பதில்லை.

“அவங்களுக்குச் சொன்னியே, எனக்கு ஒரு தடவை சொல்லக் கூடாதா?” என்றேன்.

“நீதான் வந்திருந்தியேடா மாராயா! வந்தவனுக்கு எதுக்கு ப்ராக்ஸி?”

இந்த நியாயத்தையும் கட்டிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

வீட்டில் சொல்ல வேண்டும். அப்பாவிடம் நேரே சொல்ல எனக்கு என்ன தைரியம்? சமையலறையில் அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா கத்துவார் என்று நான் பின்கட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா கத்தவில்லை. மெதுவாகப் பேசினார். எங்கள் வீட்டில் அப்பா மெதுவாகப் பேசினால் அக்கம்பக்கத்தில் யாரோ இறந்துபோயிருக்க வேண்டும்.

“தினம் துணி உடுத்திகினு, தலை வாரிகினு எங்கடா போன? குதிரைப் பந்தயமா? பயாஸ்கோப்பா?”

நான் இல்லையென்று தலையை ஆட்டி, காலேஜ் இருக்கும் திசையைக் காட்டினேன்.

“காலேஜுக்கு வரலன்னு அவங்க சொல்றாங்க. போனேன்னு நீ தலைய ஆட்டற. வாயத் தொறந்து சொல்லு, நான் நம்பறேன்.”

வாய் திறக்கவில்லை. குற்றம் செய்தவன்கூட இரண்டு பொய்யாவது சொல்லியிருப்பான். நான் கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றேன்.

“வெள்ளிக்கிழமை வரேன். அவங்க சொல்றது நெசமா இருந்தா, திங்கக்கிழமையிலேந்து என்கூட வந்து பீரோ தூக்கு. எனக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியல” என்று சொல்லிவிட்டு அப்பா சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். எனக்கு பீரோ தூக்குவதுகூடப் பெரிதாகப் படவில்லை. அப்பா என்னை நம்பவில்லை என்பதுதான் பெரிதாகப் பட்டது.

மறுநாள் சீனு ஒரு முடிவோடு வந்தான். அவனுக்கு அப்போது மனோதத்துவப் பைத்தியம். சீமையிலிருந்து வரும் ‘மனோபலம் பெறுவது எப்படி’ வகையறாப் புத்தகங்களை வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்து, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் வியாதி கண்டுபிடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய அத்தைக்கு நரம்புத் தளர்ச்சி, வீட்டுப் பூனைக்கு அடக்கி வைத்த கோபம். எனக்கு இன்ஃபீரியாரிட்டி காம்ப்ளெக்ஸ்.

“பயம்ங்கறது பழக்கம்டா, அவ்வளவுதான். எந்த வார்த்தைக்குப் பயப்படறியோ, அதையே திரும்பத் திரும்பக் கத்து. வெட்டவெளியில நின்னு கத்து. அடிமனசு பயந்து ஓடிடும். வெள்ளிக்கிழமை பிரின்ஸ்பால் முன்னாடி நீ சிங்கம்!”

இடமும் அவனே தேர்ந்தெடுத்தான். லால்பாக் பூங்காவில் இருக்கும் பெரிய பாறை. விடியற்காலையில் காக்ஸ் டவுனிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். நான் பாறை உச்சியில் நின்றேன். சீனு கீழே, ஒரு மரத்தடியில், குடையோடு. என் குரல் அவனுக்குக் கேட்டால் குடையைத் தூக்குவான். கேட்காவிட்டால் தூக்கமாட்டான்.

குளிரில் பல் கிட்டியது. “பிரசண்ட் சார்” என்றேன். குடை தூக்கவில்லை. இன்னும் பலமாகச் சொன்னேன். தூக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து இழுத்துக் கத்தினேன். சீனு காதில் கையை வைத்து ‘கேட்கலை’ என்று சைகை செய்தான். (அவன் மப்ளரைக் காதைச் சுற்றிக் கட்டியிருந்தான் என்பதை மூன்றாம் நாள்தான் கவனித்தேன்.)

காலை நடைக்கு வந்த பெரியவர்கள் கீழே கூடிவிட்டார்கள். நான் மதப் பிரசங்கம் செய்கிறேன் என்று ஒருவர் சொன்னார். பரீட்சையில் தோற்றுப் பாறையிலிருந்து குதிக்கப்போகிறேன் என்று இன்னொருவர். ஒரு கம்பளிக் குல்லாய்ப் பெரியவர் மூச்சு வாங்க மேலே ஏறிவந்து, என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கன்னடத்தில், “தம்பி, எதுவாக இருந்தாலும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்” என்றார். பேசத் தெரிந்தால் நான் ஏன் அங்கே ஏறப்போகிறேன்?

மூன்று காலை இப்படிக் கத்தினேன். வெள்ளிக்கிழமை எழுந்து, “அம்மா, காப்பி” என்றேன். சத்தமே வரவில்லை. இருந்த கொஞ்ச நஞ்சக் குரலும் லால்பாக்கிலேயே தங்கிவிட்டது. அம்மா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தாள், பனங்கற்கண்டு கொடுத்தாள், முழந்தாளிட்டு ஜெபமும் செய்தாள். தொண்டை அசையவில்லை.

ஜட்காவில் அப்பாவும் நானும் காலேஜுக்குப் போனோம். அப்பா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டும் டையும் போட்டிருந்தார். வழியெல்லாம் குதிரைக் குளம்புச் சத்தம் ஒன்றுதான். ஒரு தடவை என் பக்கம் திரும்பி, “இப்பவாவது சொல்லேன்டா” என்றார். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இது இன்னொரு சாக்கு என்று நினைத்திருப்பார். அந்த ஜட்கா கவிழ்ந்துவிடக் கூடாதா என்று நான் வேண்டிக்கொண்டேன்.

பிரின்ஸ்பால் அறையில் ராமசேஷையா முன்பே நின்றிருந்தார். கையில் ஆஜர்ப் புத்தகம், கண்ணும் அதில். நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அப்பாவின் முதுகு ஒரு முழுப் பள்ளிக்கூடத்தையே மறைக்கும்.

பிரின்ஸ்பால் கன்னட வாசனை வீசும் தமிழில் கேட்டார்: “உங்க மகன் வருஷம் பூரா சரித்திர வகுப்புக்கு வரலை. என்ன சமாதானம்?”

அப்பாவுக்குச் சமாதானம் சொல்லிப் பழக்கமில்லை. சாமான் விற்றுத்தான் பழக்கம். என்னை இழுத்து முன்னால் நிறுத்தி, தோளில் தட்டினார்.

“சார், பையன் நல்ல பையன் சார். ஃபர்ஸ்ட் கிளாஸ் கண்டிஷன். ஒரு கீறல் கெடையாது. நல்ல குடும்பத்துல, ஒரே கையில இருந்தது சார். கெட்ட சகவாசம்னு ஒரு பூச்சி அரிச்சது கெடையாது. நீங்களே திருப்பிப் பாக்கலாம்!”

பிரின்ஸ்பால் நிஜமாகவே ஒரு தடவை என்னைச் சுற்றிப் பார்த்தார். நான் தேக்கு பீரோவாகவே பிறந்திருக்கலாம் என்று தோன்றியது.

“அவனையே கேக்கலாம். ஏனப்பா, வகுப்புக்கு வந்தியா?”

வாயைத் திறந்தேன். ‘ஹ்’ என்று ஒரு காற்று. மறுபடியும் ‘ஹ்’. பிரின்ஸ்பாலின் புருவம் ஏறிற்று.

“தினமும் கூப்பிட்டேன், சார். ஒரு நாளும் பதில் இல்லை. இதோ பாருங்கள், இப்போதும் இல்லை” என்றார் ராமசேஷையா, ஒரு கணக்கு சரியாக வந்த திருப்தியோடு.

பிரின்ஸ்பால் யோசித்தார். நல்ல மனிதர். “சரி, இப்ப உங்களுக்கு வகுப்புத்தானே? வழக்கம்போல ஆஜர் கூப்பிடுங்க. நானும் இவர் தகப்பனாரும் வராந்தாவுல நிக்கறோம். இவன் தன் நம்பருக்கு எங்க காதுல விழற மாதிரி பதில் சொல்லட்டும். சொன்னா, ஏதோ தப்பு நடந்திருக்குன்னு நெனைச்சுப் பாக்கறேன். சொல்லலைன்னா பரீட்சை இல்லை.”

போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். வகுப்புக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஒரு பயல் சிரிக்கவில்லை; அது இன்னும் பயமாக இருந்தது. வாசலுக்கு வெளியே பிரின்ஸ்பாலின் பேட்டாவும், அதற்குப் பக்கத்தில் அப்பாவின் தோளும் தெரிந்தன. ராமசேஷையா மேடை ஏறினார், புத்தகத்தைத் திறந்தார், ஆரம்பித்தார்.

நம்பர்கள் நகர்ந்தன. பிரசண்ட் சார். பிரசண்ட் சார். ஒவ்வொன்றும் எனக்கு ஒரு படி இறங்குவது போல இருந்தது. எச்சிலை விழுங்கிப் பார்த்தேன்; முள் குத்திற்று. பின்னால் சீனு, “சொல்லுடா சிங்கம்” என்று கிசுகிசுத்தான். எனக்கு முந்தின நம்பர் பதில் சொன்னான். அடுத்தது நான்.

கூப்பிட்டார்.

எழுந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி வாயைத் திறந்தேன். உதடு அசைந்தது. ஒன்றும் வரவில்லை. மூன்று பெண்களில் ஒருத்தி எனக்காக வாயைப் பொத்திக்கொண்டாள். ராமசேஷையாவின் பேனா ஆப்சென்ட் போடக் கீழே இறங்கிற்று.

“பிரசண்ட் சார்!”

கூரை ஓடு அதிர்ந்தது. ஜன்னலில் இருந்த புறாக்கள் பறந்தன. பேனா நழுவி, ஆஜர்ப் புத்தகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மசி கொட்டிற்று. பக்கத்து ரசாயன வகுப்பில் யாரோ பயந்துபோய் அவனும் ‘பிரசண்ட் சார்’ என்றான். பியானோவும் புலித்தலையும் விற்ற அந்தக் குரல் வராந்தாவிலிருந்து வந்திருந்தது.

அப்பா தூணுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். தூண் போதவில்லை.

வகுப்பு வெடித்தது. பெஞ்சைத் தட்டினார்கள், விழுந்து புரண்டார்கள். பிரின்ஸ்பால் முகம் சிவக்க உள்ளே வந்தார். வந்த வேகத்தில் சத்தம் அடங்கிற்று.

“என் முன்னாடியே ப்ராக்ஸியா? அதுவும் பெத்த தகப்பனா?”

“மன்னிக்கணும் சார்” என்றார் அப்பா வாசலில் நின்று. “வாயைத் தொறக்கறான், சத்தம் வரல. பாத்துகினு நிக்க முடியல சார். என்ன அறியாம வந்துடுச்சு.”

“போதும். இந்த வருஷம் இவனுக்குப் பரீட்சை இல்லை. அழைச்சுக்கிட்டுப் போங்க!”

முடிந்தது. அப்பாவின் முகம் சுண்டிப்போயிற்று. மேடையில் நின்று எத்தனையோ துரைகளின் முன்னால் கூவின மனிதர், என்னால், அத்தனை பையன்களின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அதைப் பார்க்க முடியவில்லை. எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமல், கை நடுங்கினால் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். கண்ணீர் வழிய மேடைக்குப் போய், டஸ்டரை எடுத்து, முந்தின வகுப்பு எழுதிவிட்டுப் போன அல்ஜிப்ராவைத் துடைக்கத் தொடங்கினேன்.

சாக்பீஸ் தூள் பறந்தது. ராமசேஷையா தும்மினார். தும்மின வேகத்தில் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“சார்,” என்றார் பிரின்ஸ்பாலிடம், “இந்தப் பையன் ஏன் அழுகிறான்?”

“இவன்தானே உங்க நம்பர்!”

“இவனா? இவன் ஆபீஸ் பையன் ஆயிற்றே! பலகை துடைக்க, தண்ணீர் வைக்க ஆபீசிலிருந்து தினமும் அனுப்புகிறார்களே, அந்தப் பையன்!”

“நாங்க யாரையும் அனுப்பலையே.”

“ஒரு நாள் தவறாமல் வந்தான், சார். ரொம்ப அடக்கமான பையன். தசராவுக்கு இவனுக்கு இனாம் கொடுக்கச் சொல்லி ஹெட் கிளார்க்கிடம்கூடச் சொன்னேன்.”

நூறு பேருக்கும் ஒரே சமயத்தில் விஷயம் விளங்கியது, எனக்கும் விளங்கியது. அந்த அபிமானம் என்னவென்று விளங்கியது. மாணவனாக ஒரு நாளும் வராத நான், பியூனாக ஒரு நாளும் தவறாமல் வந்திருக்கிறேன். வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் என் வாழ்க்கையிலேயே எனக்கு ஆதரவாக ஒருவர் சொன்ன முதல் சாட்சி அதுதான் என்பதால், டஸ்டரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

பிரின்ஸ்பால் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிறிது நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கிற்று. பிறகு கம்பீரமாகத் திரும்பி, பரீட்சைக்கு என் பெயரை அனுப்புவதாகவும், தொண்டை சரியானதும் தினமும் நானே எழுந்து நானே பதில் சொல்ல வேண்டும் என்றும் உத்தரவிட்டார். ‘நானே’ என்பதை அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

திரும்பும் ஜட்காவில் அப்பா டையைத் தளர்த்திக்கொண்டார். பிறகு, அவருக்கு இருக்கிறதா என்றே எனக்குத் தெரியாத ஒரு சின்னக் குரலில் கேட்டார்.

“தினம் போனியாடா?”

தலையை ஆட்டினேன்.

“உன்னப் போயி பந்தயத்துக்குப் போனன்னு நெனச்சேனேடா. பாவி நான்.” என் பிடரியைப் பிடித்து அவர் தோளில் சாய்த்துக்கொண்டார். கோட்டில் ரசகற்பூர உருண்டை வாசனை அடித்தது. நான் அழுதேன். அவரும் அழுதார் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஜட்காக்காரர் குதிரையை நிறுத்திவிட்டு, “இன்னா சார், யாரு தவறிட்டாங்க?” என்று விசாரித்தார்.

தொண்டை திறக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. திறந்தபோது கீச்சுக் குரல் போயிருந்தது. முதல் நாள் என் நம்பருக்கு எழுந்து பதில் சொன்னேன். ராமசேஷையா சட்டென்று தலையைத் தூக்கி வராந்தாவைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பெரிய சத்தம் என்னிடமிருந்து வந்ததை அவர் நம்ப ஒரு நிமிஷம் ஆயிற்று. எனக்கு இன்னும் அதிகம் ஆயிற்று. அப்பாவின் தொண்டை இத்தனை நாளும் எனக்குள்தான் இருந்திருக்கிறது. அதற்குப் பயந்துதான் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். (தண்ணீர் மட்டும் கடைசி நாள் வரை என்னிடமே கேட்டார்.)

சில வருஷம் கழித்து எனக்குக் கல்யாணம். கண்டோன்மென்டில் எங்கள் கோயிலிலேயே. பாதிரி ஐயர் புத்தகத்தை விரித்து, “இந்தப் பெண்ணை உன் மனைவியாக ஏற்றுக்கொள்ளச் சம்மதமா?” என்று கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை. முதல் வரிசையில் இருந்த அப்பாவை எச்சரிக்கையாகப் பார்த்தார். சபையே அப்பாவைப் பார்த்தது. அம்மா தன் கையால் அப்பாவின் வாயைப் பொத்தியிருந்தாள்.

“சம்மதம்!” என்றேன். ஆர்கன் குழாய்களில் அது இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தது.

மணப்பெண் முக்காடு போட்டுத் தலைகுனிந்து நின்றிருந்ததால் சத்தம் வந்த திசை அவளுக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷக் குடித்தனத்துக்குப் பிறகும், வீட்டில் நான் ஏதாவது குரலை உயர்த்தினால், கரண்டியும் கையுமாக வந்து நின்று கேட்கிறாள்:

“எனக்கு இன்னும் சந்தேகமாத்தான் கீது. அன்னைக்குச் சம்மதம்னு சொன்னது நீங்களா, மாமாவா?”